சுண்ணாம்பு வைத்த இடம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.

இன்று என் தவறு ஒன்று கண்ணில் பட்டது. அத்தையின் இடுப்பில் நான் சுண்ணாம்பு வைத்த இடம் வெந்து கறுத்துப் போயிருக்கிறது. வெற்றிலையில் தடவுகிற அளவுதான் எடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் கூடுதலாக வைத்துவிட்டேன். அத்தை கோபப்படவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

எழுதியதை நதியா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். கூடலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் தினமும் சொந்தமாக ஒரு பத்தி எழுதி வந்து, அதையே அடித்துப் பழக வேண்டும் என்பது வாத்தியார் வைத்த வழக்கம். இந்தப் பத்தியை அடித்து அவர் கையில் கொடுக்க முடியாது. அதனால் வேறொரு தாளில் ஐப்பசி மழையைப் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டாள். மழையைப் பற்றி எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

வீடு கூடலூருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில் இருந்தது. முன்னால் ஜீப் நிறுத்த இடம். பின்னால் தகரம் போட்ட மாட்டுக் கொட்டம். அதற்குப் பின்னால் அடுத்தவர்களுடைய திராட்சைப் பந்தல், அதையும் தாண்டினால் ஓடை. நதியாவின் புருசன் பாண்டியராஜன் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிவிடுவான். மாட்டுப் பாடு முழுக்க அவனுடைய அம்மா அக்கம்மாளுடையது. கறவை இரண்டு. செவலை, கருப்பி. இரண்டுமே கலப்பின மாடு. ஓடைக்கரையில் புல் அறுப்பதும், கறப்பதும், பால் ஊற்றுவதும் அக்கம்மாள். நதியா சாணி அள்ளுவாள், தண்ணீர் காட்டுவாள், சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்புமுன் உண்ணி எடுக்கக் கூட உட்காருவாள்.

மழை விழுந்து புல் தளதளவென்று எழும்பினால் உண்ணியும் அதோடு சேர்ந்து எழும்பிவிடும். காதுமடலுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில் என்று மாட்டின் வாய் எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கும். கறந்து முடித்ததும் அக்கம்மாள் ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு மாட்டுக்கு அடியில் குந்துவாள். வாய் நிறைய வெற்றிலை. பேச்சும் வெற்றிலையும் ஒன்றாக நடக்கும்.

“ஏத்தா, செவலை காதுக்குள்ள பாரு. ஆமணக்கு முத்தாட்டம் ஒன்னு தொங்குது. நசுக்கிறாத. முறுக்கி எடு.”

“நசுங்கிருச்சு அத்த. கையெல்லாம் ரத்தம்.”

“அது அதோட ரத்தமா? செவலை ரத்தம். நம்ம காட்டுன தவுட்டுத் தண்ணி அம்புட்டும் இதுக வயித்துலதேன் கெடக்கு.”

“மாட்டு டாக்டரு முகாம்ல மருந்து குடுத்தாகள்ல? அடிச்சா மொத்தமாப் போயிருமாம். கொட்டத்துச் செவத்துலயும் அடிக்கணும்னாக.”

“அடிச்சா நாலஞ்சு நாளைக்குப் பால ஊத்தக்கூடாதுன்னும் சொன்னாகள்ல? மாட்டுக்கு லீவு வுட்டாச்சுன்னு நம்ம வயித்துக்கும் லீவு வுடச் சொல்றியா?”

அந்த மருந்துப் பாட்டில் மூடி திறக்கப்படாமல் கொட்டத்து மரச்சட்டத்தில் நின்றது. தோட்டக்கூலிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பவுனு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

“என்ன மதினி, சாமிக்கு வச்ச தீர்த்தமா? பொங்கலுக்குத்தேன் எடுப்பீகளோ?”

“போடி. உண்ணி இல்லாத மாட்ட நீ எங்கயாச்சும் கண்டியா? பேனு இல்லாத தல ஒந்தலதேன். அங்கன முடியே இல்ல.”

அக்கம்மாளுக்கு உண்ணி என்றால் பயமே கிடையாது. சிறுவயதிலிருந்து கடிபட்ட உடம்பு என்பாள். மனிதர்மேல் ஒட்டினால் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு வைப்பது அந்தத் தெருவில் எல்லோரும் செய்வது. வெள்ளிக்கிழமையில் மட்டும் மாட்டின்மேல் கைவைத்து உண்ணி எடுக்கமாட்டாள். பால் வற்றிவிடுமாம்.

முந்தின வாரம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான். ஓடைக்கரையிலிருந்து புல்லுக்கட்டோடு வந்தவள் கட்டைப் பொத்தென்று போட்டுவிட்டு இடுப்பைச் சொறிந்துகொண்டே நின்றாள். நதியா வகுப்புக்குக் கிளம்பித் தலைசீவிக்கொண்டிருந்தாள்.

“ஏ நதியா, இங்கன கொஞ்சம் பாரு. சேல சொருகுற எடத்துல நமநமங்குது. உண்ணி எதுவும் ஒட்டிருக்கா?”

நதியா சேலைக் கட்டை விலக்கிப் பார்த்தாள். உண்ணி இல்லை. கொசு கடித்தது போல் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

“ஒன்னுங் காணோமே அத்த.”

“காணோம்னா ஒடம்பு போயிருக்கும், தல உள்ளயே நின்னிருக்கும். மடியில டப்பா இருக்கு பாரு, சுண்ணாம்ப எடுத்து வையி.”

“இன்னைக்கு வெள்ளிக்கெழம.”

“மாட்டுக்குத்தேன் வெள்ளியும் செவ்வாயும். மனுசிக்கு ஏது? வையித்தா, பஸ்ஸு போயிரப் போகுது.”

நதியா விரல் நுனியில் சுண்ணாம்பை வழித்து வைத்துவிட்டு ஓடினாள். எவ்வளவு வைத்தோம் என்று அப்போது பார்க்கவில்லை. அதன்பிறகு அதை நினைக்கவும் இல்லை.

அக்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள்தான் நினைக்க வேண்டிவந்தது. குளிர் தாங்காமல் நடுங்கினவளுக்குச் சேலை மாற்றிவிட்டபோது நதியாவின் கை நின்றுவிட்டது. புள்ளி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு, பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. சுற்றிலும் சிவப்பு வட்டம்.

“அத்த, என்னா இது!”

அக்கம்மாள் குனிந்து பார்த்தாள். கண் ரெண்டும் காய்ச்சலில் சிவந்து கிடந்தது.

“சுண்ணாம்பு தின்னுருச்சு போல. வெந்துருக்கு.”

“நாந்தேன் அதிகமா வச்சுட்டேன்.”

“வச்சா வச்ச. எனக்கு இங்கன ஒரு எரிச்சலும் இல்ல, வலியும் இல்ல. மாட்டுக்காரி ஒடம்பு மரத்துப் போயிக் கெடக்கு.” பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினாள். “அவங்கிட்டச் சொல்லிறாத. ஆத்தாளுக்குச் சூடு வச்சியான்னு குதிப்பான். ஒன்னைய வகுப்புக்கு அனுப்புனதே தப்பும்பான்.”

நதியா தலையாட்டினாள். சொல்ல வேண்டாம் என்று அத்தை சொன்னது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவள் எங்கேயும் எழுதவில்லை.

மழைக்காய்ச்சல், ரெண்டு நாளில் போய்விடும் என்றாள் அக்கம்மாள். போகவில்லை. தலை வெடிப்பதாகச் சொல்லி நெற்றியில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு கறந்தாள். பாதிக் கறவையில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியைக் கறந்தாள். கருப்பி காலை மாற்றி வைத்தாலும் திட்டவில்லை. நதியாவுக்குப் பயம் கண்டது அதைப் பார்த்துத்தான்.

பாண்டியராஜன் மூன்றாம் நாள் ஜீப் நடையை ஒன்றோடு முடித்துக்கொண்டு வந்து, அம்மாவை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். மழையோடு மழையாக ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. இவர்கள் முறை வந்தபோது டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

“ஒடம்புல எங்கயாவது புண்ணு, கட்டி, பூச்சி கடிச்ச தடம் இருக்காம்மா?”

அக்கம்மாள் மருமகளைப் பார்த்தாள். நதியா தரையைப் பார்த்தாள். நடுவில் பாண்டியராஜன் நின்றுகொண்டிருந்தான்.

“ஒன்னுமில்லைங்க சார். காடுகரையில திரியிற ஒடம்பு. கீறலு இல்லாம இருக்குமா? மத்தபடி ஒன்னுமில்ல.”

பூச்சி கடித்த தடமா என்று கேட்டதற்கு அது சுண்ணாம்புப் புண் என்று சொல்லவேண்டியதில்லையே என்று நதியா தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. பொய் இல்லை. வெளியே வந்து ஜீப்பில் ஏறுகிறவரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் ஒரு பொழுது தணிந்தது. மறுபடியும் ஏறியது.

அக்கம்மாள் படுத்துவிட்டாள். கறவை நதியாவிடம் வந்தது. பால் எடுக்கிற கர்ணன் கேன் கட்டிய வண்டியை நிறுத்தி, கொட்டத்துக்குள் தலையை நீட்டினான். பவுனு கருப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, சின்னம்மாவக் காணோம்?”

“காய்ச்ச. எந்திரிக்க முடியல,” என்றாள் நதியா.

“மலையோரமா ரெண்டு மூணு பேருக்குக் கண்டுருக்காம். உண்ணிக் காய்ச்சன்னு சொல்லிக்கிறாக. வீட்டுக்கு வீடு நர்சு வந்து கேட்டுட்டுப் போறாகளாம்.”

பவுனு சிரித்துவிட்டாள். “உண்ணி கடிச்சா காய்ச்சலா? அப்படிப் பாத்தா இந்த ஊர்ல ஒருத்தன் மிஞ்சிருக்க மாட்டான். எம்மேல ஒட்டுன உண்ணிக்கு நான் கல்யாணமே பண்ணி வச்சுருக்கலாம்.”

“சிரிக்காத பவுனு. நான் வெவரமாத்தேன் சொல்றேன். உண்ணிக் காய்ச்சங்கிற பேச்சு இந்த வீட்டு வாசல்ல வந்துச்சுன்னா, இந்தப் பால எவனும் வாங்கமாட்டான். டீக்கடக்காரன் மொதல்ல நிறுத்துவான். நான் என்னா செய்ய? எனக்கு அடுத்த வீட்டுப் பாலும் இதே கேன்லதேன் வருது.”

“மழைக்காய்ச்சதேன்னு டாக்டரே சொன்னாக,” என்றாள் நதியா. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“அப்பச் சரி. சட்டத்துல நிக்கிற மருந்த மட்டும் உள்ள எடுத்து வையி. பாக்கிறவக கண்ண உறுத்துது.”

கர்ணன் போனபிறகு நதியா பாட்டிலை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். வைத்ததைப் பாண்டியராஜன் சாயங்காலம் கண்டுபிடித்தான். என்ன ஏது என்று விசாரித்தவன், கர்ணன் பேச்சைக் கேட்டதும் பல்லைக் கடித்தான்.

“மேல ஏலத்தோட்டத்துல போன வருசம் ஒரு பொம்பளைக்கு ‘செள்ளுப்பனி’ன்னாக. உண்ணிக்காய்ச்சலத்தேன் மலையாளத்துல அப்படிச் சொல்றாக. அந்தப் பொம்பள பொழைக்கல. இந்த மாட்டு மேலதானே அம்புட்டு உண்ணியும் கெடக்கு? ஒளிச்சு வச்சா போயிருமா?”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மருந்தைக் கலந்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கு அடித்தான். கொட்டத்துச் சுவரிலும் கல் இடுக்கிலும் அடித்தான். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் ஊர்ந்தன. அவற்றின்மேல் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினான். புகையில் செவலை கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. நாலைந்து நாள் பாலைத் தென்னை மூட்டில் கொட்டுவது என்று முடிவாயிற்று. உள்ளே படுத்திருந்த அக்கம்மாள் புகையில் இருமிக்கொண்டே கேட்டாள்.

“ஏலே, என்னாலே எரியிது?”

“ஒன்னுமில்ல ஆத்தா. ஒன்னையக் கடிச்ச சனியனுகதேன் எரியிது.”

“என்னைய எது கடிச்சுச்சு?” என்றாள் அக்கம்மாள்.

நதியா அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. உண்ணி கடித்தால் சுண்ணாம்பு வைக்கலாம். ஆனால் தான் சுண்ணாம்பு வைத்த அன்றைக்கு உண்ணியே இல்லையே? இல்லாத உண்ணி எப்படிக் கடித்திருக்கும்? அந்தப் புண் முழுக்க சுண்ணாம்பால் வந்ததுதான் என்று மறுபடியும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். தவறு தன்னுடையது என்று முடிவுகட்டிய பிறகு, அதற்குமேல் எதையும் யோசிக்க அவளுக்குத் தெரியவில்லை.

வாரம் திரும்பியபோது அக்கம்மாளுக்கு மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. காலையில் கஞ்சியோடு போன நதியாவை முகம் தெரியாதவளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

“கன்ன அவுத்து விடு. தாய்கிட்ட விடு. கத்துதுல்ல?”

கொட்டத்தில் கன்றே கிடையாது. செவலை ஈன்ற காளைக்கன்றைச் சித்திரையிலேயே விற்றுவிட்டார்கள்.

நதியா போன் போட்டாள். குமுளி ரோட்டில் ஜீப் நிறைய ஆட்களோடு பாதி மலை ஏறியிருந்த பாண்டியராஜன், வேறொரு ஜீப்பை மறித்து அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். பவுனு ஒரு பக்கமும் நதியா ஒரு பக்கமுமாகத் தாங்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். “கொட்டத்த நான் பாத்துக்கிறேன், நீ ஏறு,” என்றாள் பவுனு. அன்றைக்கு அவள் ஒரு கேலியும் பேசவில்லை.

கம்பம் போகிற வழி முழுக்கத் தூறல். ரோட்டோரத் திராட்சைப் பந்தல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நதியா அத்தையின் தலையை மடியில் வைத்திருந்தாள். சூடு சேலையைத் தாண்டித் தொடையில் தெரிந்தது. பாண்டியராஜன் ஒவ்வொரு வேகத்தடையிலும் திரும்பிப் பார்த்தான்.

“மூச்சு இருக்கா?”

“இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

பெரியாஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மூக்கில் ஆக்சிஜன், கையில் குளுக்கோஸ். ஜாய்ஸ் என்று பெயர் குத்தியிருந்த நர்ஸ் ஒரு துணித் தடுப்பை இழுத்து விட்டுவிட்டு நதியாவை அருகில் கூப்பிட்டார்.

“நீங்க மகளா?”

“மருமக.”

“சேலையக் கழட்டணும். அக்குள், மார்புக்குக் கீழ, இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாக்கணும். எங்கயாச்சும் கறுப்பா பொருக்கு இருக்கா? நீங்க பாத்துருக்கீங்களா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாண்டியராஜனின் கால் தெரிந்தது. மண்ணும் ஏலத்தோட்டத்துச் சருகும் ஒட்டிய செருப்பு. நதியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்கம்மா. நேரமில்ல.”

“இடுப்புல ஒன்னு இருக்குக்கா. ஆனா அது காய்ச்சலுக்கு உள்ளதில்ல. அது நான் வச்ச சுண்ணாம்பு. அதிகமா வச்சுட்டேன். வெந்துருச்சு.”

செருப்பு அசைந்தது.

ஜாய்ஸ் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். நிமிர்ந்து தடுப்புக்கு வெளியே குரல் கொடுத்தார். “சார், இங்க வந்து பாருங்க.”

வந்த டாக்டர் பையன் மாதிரி இருந்தார். பொருக்கைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். “இது இவங்களுக்கு வலிச்சுதா?”

“இல்ல சார். ஒரு வலியும் இல்லன்னாக. எரிச்சலும் இல்லன்னாக.”

“சுண்ணாம்பு வெந்தா உயிர் போற மாதிரி எரியும்மா. ராத்திரி தூங்க விடாது. இது வலிக்காது. அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல. பூச்சி கடிச்ச தடம் இது. இதப் பாத்தா பாதி வியாதி பிடிபட்ட மாதிரி.” பிறகு ஜாய்ஸிடம் மருந்தின் பெயரைச் சொல்லி உடனே போடச் சொன்னார்.

பாண்டியராஜன் தடுப்பை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். “உண்ணிக்காய்ச்சலா சார்? மாட்டு உண்ணிக்கெல்லாம் மருந்தடிச்சுட்டேனே? எல்லாத்தையும் எரிச்சுட்டேனே?”

“உண்ணிக்காய்ச்சல்னுதான் சொல்றோம். ஆனா மாட்டுமேல ஒட்டுமே, அது இல்ல. இது கண்ணுக்கே தெரியாத பூச்சி. புல்லுல, பொதர்ல இருக்கும். இவங்க புல்லறுக்கப் போறவங்களா?”

“தெனம்.”

“மாட்டு உண்ணியால மாட்டுக்குத்தான் பாடு. அதுக்கு மருந்தடிச்சது நல்லதுதான். ஆனா இவங்களுக்கு வந்தது கொட்டத்துலருந்து வரல.” அவர் நதியாவிடம் திரும்பினார். “இந்தத் தடம் எப்பலருந்து இருக்கு?”

“காய்ச்ச வந்த மறுநாளே பாத்தேன்.”

“வேற டாக்டர்கிட்டக் காமிச்சீங்களா?”

“கேட்டாக. நாங்கதேன் சொல்லல.”

டாக்டர் குனிந்து அக்கம்மாளின் நாடியைப் பிடித்தார். “நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. மருந்து கேக்கும். கேக்குறதுக்குள்ள மூச்சு தாங்கணும். இன்னைக்குப் பொழுது போகட்டும், பாப்போம்.”

வெளியே வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. பாண்டியராஜன் அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றான். நதியா கொஞ்சம் தள்ளி நின்றாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

“சுண்ணாம்புக்கா நான் கோவிச்சுக்கிட்டிருப்பேன்?” என்றான் அவன். குரல் உயரவே இல்லை. “சின்னப் பிள்ளையில எங்காத்தா எனக்கு எத்தன எடத்துல வச்சுருக்கு? அதுக்கா ரெண்டு பேரும் சேந்து மறச்சீக?”

அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஐந்தாவது வருசத்தில் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்தாள். அத்தை தன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தாள். தான் யாரைக் காப்பாற்ற மறைத்தோம் என்பதை யோசிக்கத் தைரியம் வரவில்லை.

“சாப்புட்டியா?” என்று கேட்டான்.

“இல்ல.”

அவன் போய் ரெண்டு டீயும் பன்னும் வாங்கி வந்தான். அவளுடைய டீயைக் கையில் கொடுக்காமல் ஜீப் பேனட்டின்மேல் வைத்தான்.

டாக்டர் சொன்னதை நதியா போனில் சொல்லியிருந்ததால், மதியத்துக்குமேல் பவுனு மறுபடி கூப்பிட்டாள். சத்தம் போட்டுத்தான் பேசுவாள், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“மதினிக்கு எப்படி இருக்கு?”

“அப்படியேதேன் இருக்கு சின்னம்மா. மருந்து ஏறுது.”

“கர்ணன் வந்தான். இனிமே நம்ம பாலே வேணாம்னுட்டான். மருந்தடிச்சதுக்கு இல்லையாம், காய்ச்சலுக்காம். பாலு எதுக்குடா காய்ச்சல் சொமக்கப் போகுதுன்னு கேட்டேன். வண்டியெடுத்துட்டுப் போயிட்டான். கெடக்கட்டும். இங்கன வேற கத. புல்லு இல்ல. வைக்கப்போரு மழையில ஊறிப் புகையிது, மாடு மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிருச்சு. ஓடைக்கரைக்குப் போகச் சொல்லி மூணு பேரக் கேட்டுப்புட்டேன். நேத்துவரைக்கும் எங்களக் கடிச்சு ஒன்னும் ஆகலன்னு பீத்துனவளுக, புல்லுல இருக்குன்னு டாக்டரு சொன்னாகன்னதும் கும்புடு போட்டுட்டாளுக.”

“நீங்களும் போக வேணாம் சின்னம்மா.”

“நான் போகமாட்டேன்னு இல்லத்தா, வாழத்தோட்டத்துல கொல கட்டுற வேல நாளைக்கு. விட்டா வேற ஆளப் போட்டுருவாக. ரெண்டு மாடும் கத்துற கத்து தெருமுக்குவரைக்கும் கேக்குது. என்னா செய்யட்டும்?”

“நான் வந்து பாக்குறேன்,” என்றாள் நதியா. சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள்.

பொழுது சாய்கிறபோது ஜாய்ஸ் வந்து கூப்பிட்டார். ஒருத்தர் மட்டும் போகலாம் என்றார். பாண்டியராஜன் நதியாவைப் பார்த்துக் கண்ணால் போகச் சொன்னான்.

அக்கம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள். மூச்சு இன்னும் வாங்கியது, ஆனால் காலையில் வாங்கியது போல் நெஞ்சைத் தூக்கிப் போடவில்லை. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. நதியாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அது தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை.

“கறந்தாச்சா?”

“ஆச்சு அத்த. பவுனு சின்னம்மா கறந்துட்டாக.”

“கருப்பி அவளுக்கு நிக்காதே.”

“நின்னுச்சாம்.”

அக்கம்மாள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நதியா எழுந்தபோது மறுபடி திறந்தாள். வாய்க்கு மேல் இருந்த மாஸ்க்கை விலக்கப் பார்த்தாள். நதியா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வஞ்சானா ஒன்னைய?”

“இல்ல அத்த.”

“வஞ்சுருப்பான். நீ சொல்லமாட்ட.”

“நெசமாத்தேன். ஒரு வார்த்த வையல. டீ வாங்கிக் குடுத்தாக.”

“வையலையா?” அக்கம்மாளின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. ஜாய்ஸ் ஓடிவந்து தலையணையை உயர்த்தினார். “பேச வைக்காதீங்கம்மா. காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா இன்னும் ரெண்டு நாளைக்குச் சொல்ல முடியாது,” என்றார்.

நதியா வெளியே வந்து புருசனிடம் அதை அப்படியே சொன்னாள். இறங்க ஆரம்பித்திருக்கிறது என்பதையும் சொன்னாள், சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அவன் கேட்டுக்கொண்டு, ஜீப்புக்குள்ளிருந்து தன்னுடைய பழைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். மலைக்குப் போகும்போது மழைக்கு மாற்றிக்கொள்ள வைத்திருப்பது.

“பவுனத்த பேசுனது கேட்டுச்சு. நான் போனா ஆத்தாளுக்கு ரத்தம் கித்தம்னு கேட்டா இங்கன ஆளில்ல. நீதேன் போகணும். காலுச் சட்டைய சாக்ஸுக்குள்ள சொருகிக்க. புல்லுல குந்தாத. நின்னு குனிஞ்சு அறு.”

“ம்.”

“எதுவும் நமநமன்னா எனக்குப் போன் பண்ணு.”

“பண்றேன்.”

நாளைக்கு அவள் முதல் பஸ்ஸில் கூடலூர் போய் இறங்க வேண்டும். கருப்பியையும் செவலையையும் கறந்து பாலைத் தென்னை மூட்டில் ஊற்ற வேண்டும். பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் ரெண்டு கட்டுப் புல் அறுத்து வந்து போட வேண்டும். உடுப்பை வாசலிலேயே கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டு, குளித்து, உடம்பு முழுவதும் தானே பார்க்க வேண்டும். முதுகையும் இடுப்பின் பின்பக்கத்தையும் பவுனு தோட்டத்துக்குக் கிளம்புமுன் அவளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். என்ன தெரிந்தாலும் அதன்மேல் ஒன்றும் வைக்காமல் மத்தியான பஸ்ஸில் திரும்பி வர வேண்டும்.